முச்சோவா, முய்யா? – ஸ்பானிய மொழி கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'முச்சோ' என்ற ஒரு சொல்லையும், அதன் உடன்பிறப்பான 'முய்' என்பதையும் சுற்றியே இருந்தன. அதனால் பக்கம் முழுவதையும் அவை இரண்டுக்கே ஒதுக்கிவிட்டேன். ஸ்பானியச் சொற்களை வழக்கம்போல ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். 'முச்சோ'வில் முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள். ஆனால் 'மூச்சோ' என்று இழுக்க வேண்டாம்.

கேள்வி: 'எனக்கு ரொம்பப் பசிக்கிறது' என்பதை 'தெங்கோ முய் ஆம்ப்ரே' என்று எழுதினேன். ஆசிரியர் 'முய்'யை அடித்துவிட்டு 'முச்சா' என்று திருத்திக் கொடுத்தார். 'ரொம்ப நல்லது' என்பதற்கு முய் வரும்போது 'ரொம்பப் பசி'க்கு மட்டும் ஏன் வராது? அகராதியில் 'எல் ஆம்ப்ரே' என்று ஆண்பால் போட்டிருக்கும்போது 'முச்சா' எப்படி வந்தது? – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

நம்முடைய 'ரொம்ப' எல்லா இடத்துக்கும் போகும். ரொம்ப நல்லவர், ரொம்பப் பேர், ரொம்பப் பசி, ரொம்ப ஓடினேன், ரொம்ப வேகமாக ஓடினேன் என எதற்கு முன்னாலும் நிற்கும், உருவம் மாறாது. இப்படி ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு ஸ்பானியம் இரண்டு சொற்களை நீட்டும்போது கை தடுமாறத்தான் செய்யும். பாடப்புத்தகங்கள் 'முச்சோ என்றால் நிறைய, முய் என்றால் மிகவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. தமிழ் மாணவர்களுக்கு அந்த வரி போதாது. நாம் 'நிறையப் பசிக்கிறது' என்று சொல்வதில்லையே!

அதனால் 'முச்சோ'வுக்குத் தமிழில் என்ன என்று தேடாதீர்கள். அடுத்து வரும் ஸ்பானியச் சொல் என்ன வகை என்று மட்டும் பாருங்கள். அது பெயர்ச்சொல்லானால் முச்சோ, அந்தப் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப முச்சோ, முச்சா, முச்சோஸ், முச்சாஸ் என்று மாறும். பெயரடையோ வினையடையோ ஆனால் முய், அது எப்போதும் மாறாது. 'முச்சோ தினேரோ' (நிறையப் பணம்), 'முச்சா ஆகுவா' (நிறையத் தண்ணீர்), 'முச்சோஸ் லீப்ரோஸ்' (நிறையப் புத்தகங்கள்), 'முச்சாஸ் மேசாஸ்' (நிறைய மேசைகள்). அந்த 'மேசா' உங்களுக்கு அந்நியமில்லை. போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த 'மேசை'யும் அதே சொல்தான். இந்தப் பக்கம் 'முய் பியென்' (ரொம்ப நன்றாக), 'முய் காரோ' (ரொம்ப விலை), 'முய் தார்தே' (ரொம்பத் தாமதமாக).

இனி உங்கள் பசிக்கு வருவோம். தமிழில் பசிக்கிறது, தாகமெடுக்கிறது, குளிர்கிறது, பயமாக இருக்கிறது என்று உடம்பில் நடப்பதாகச் சொல்கிறோம். ஸ்பானியர்கள் இவற்றைக் கையில் வைத்திருக்கும் பொருள்களாகப் பேசுகிறார்கள். 'தெங்கோ' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. தெங்கோ ஆம்ப்ரே என்றால் 'என்னிடம் பசி இருக்கிறது'. பொருளானால் அதற்கு அளவு உண்டு, அளவென்றால் முச்சோ. இந்த வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்: முச்சா ஆம்ப்ரே (பசி), முச்சா செத் (தாகம்), முச்சோ சுவேன்யோ (தூக்கம்), முச்சோ மியேதோ (பயம்), முச்சா ப்ரீசா (அவசரம்), முச்சா சுவெர்த்தே (அதிர்ஷ்டம்), முச்சாஸ் கானாஸ் (ஆசை). கடைசியில் உள்ளது பன்மை என்பதைக் கவனியுங்கள். ஒருவரைப் பார்க்க ஆவலாக இருந்தால் 'தெங்கோ முச்சாஸ் கானாஸ் தெ வெர்தே' என்பார்கள்.

ஆம்ப்ரே பெண்பால் சொல்தான். அழுத்தமான 'ஆ' ஒலியில் தொடங்கும் பெண்பால் சொற்களுக்கு ஒருமையில், முன்னால் ஒட்டி நிற்கும் சுட்டு (ஆங்கிலத்து 'தி' போன்றது) மட்டும் 'எல்' என்று வரும். எல் ஆகுவா, எல் ஆம்ப்ரே என்பதெல்லாம் அந்த வகை. மற்றபடி பெண்பாலாகவே நடக்கும். அதனால் முச்சா ஆகுவா, முச்சா ஆம்ப்ரே. 'முச்சோ ஆம்ப்ரே' என்று ஸ்பானியர்களே சிலர் சொல்லக் கேட்பீர்கள். தேர்வுத் தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஃப்ரீயோ' என்ற சொல் குளிர் என்ற பெயராகவும் வரும், குளிர்ந்த என்ற பெயரடையாகவும் வரும். ஸ்பெயினின் வலென்சியா நகரில் நான் வாழ்ந்தபோது கோடையில் எல்லாரும் குடிப்பது ஓர்ச்சாத்தா. 'சூஃபா' என்ற கோரைக்கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. பக்கத்து ஊரான அல்போராயா இதற்குப் பெயர்போனது. உயரமான கண்ணாடிக் கோப்பையில், வெளிப்புறமெல்லாம் நீர் முத்து முத்தாகப் பூத்திருக்க, நீளமான இனிப்பு ரொட்டி ஒன்றோடு கொண்டுவந்து வைப்பார்கள். அந்த ஓர்ச்சாத்தா 'முய் ஃப்ரீயா', ரொம்பச் சில்லென்றிருக்கிறது. இங்கே அது பெயரடை. ஜனவரியில் தெருவில் இறங்கினால் 'ஆசே முச்சோ ஃப்ரீயோ', ரொம்பக் குளிர். இங்கே பெயர்ச்சொல். சொல் ஒன்றுதான், வேலை வேறு, அதனால் முன்னால் நிற்பதும் வேறு.

வெயில் பக்கம் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெப்பம் 'கலோர்', சூடான என்பது 'கலியெந்தே'. காப்பி முய் கலியெந்தே. உங்களுக்குப் புழுக்கமாக இருந்தால் 'தெங்கோ முச்சோ கலோர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் தன்னைப் பற்றி 'எஸ்தோய் முய் கலியெந்தே' என்றால் அது காமத்தைக் குறிக்கும் பேச்சு. வகுப்பில் நான் இதைக் கூச்சப்படாமல் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன். தெரியாமல் போய் நாலு பேர் முன்னால் தலைகுனிவதைவிட அது மேல்.

கேள்வி: பெயர்ச்சொல் பக்கத்தில் இல்லாதபோது, 'நிறைய' என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் எந்த வடிவம்? – வங்கி ஊழியர், திருநெல்வேலி

சொல் மறைந்திருந்தாலும் அதன் பாலும் எண்ணும் மறைவதில்லை. வலென்சியாவின் மத்தியச் சந்தை 1928-ல் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடியும் இரும்புமாக எழுந்து நிற்கும் கூடம். நான் வழக்கமாக வாங்கும் கடையில் ஒரே பலகைக்குப் பின்னால் ஒலிவக்காய் வாளிகளும் பாலாடைக்கட்டி உருளைகளும் இருக்கும். கடைக்கார அம்மா ஓட்டைக் கரண்டியால் காய்களை அள்ளி, உப்புநீரை வடியவிட்டு, எவ்வளவு போட என்று முகத்தைப் பார்ப்பார். நிறைய வேண்டாமென்றால் 'நொ முச்சாஸ்'. அசெய்தூனாஸ் (ஒலிவக்காய்கள்) பெண்பால் பன்மை. அடுத்து கத்தியைப் பாலாடைக்கட்டியின் மேல் வைத்து அதே பார்வை. இப்போது 'நொ முச்சோ', ஏனென்றால் 'கேசோ' (பாலாடைக்கட்டி) ஆண்பால் ஒருமை. இருவரும் பொருளின் பெயரை உச்சரிப்பதே இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர் வாயில் வடிவம் சரியாக வந்துவிடும்.

இது நமக்கு முற்றிலும் புதிதுமல்ல. 'பலர் வந்தார்கள்', 'பல வந்தன' என்கிறோமே, மனிதர் என்றோ மாடு என்றோ பெயர் சொல்லாமலே பலர், பல என்று அளவுச்சொல் திணை காட்டுகிறது. அந்த உணர்வை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. 'முய்' தனியாக நிற்கவே நிற்காது. 'களைப்பாக இருக்கிறீர்களா?' என்று கேட்டால் பதில் 'சீ, முச்சோ'. 'பசிக்கிறதா?' என்று கேட்டால் 'சீ, முச்சா'. 'சீ, முய்' என்று எந்த ஸ்பானியரும் சொல்ல மாட்டார்.

கேள்வி: 'ஹெந்தே' என்றால் மக்கள். மக்கள் பன்மைதானே? 'முச்சாஸ் ஹெந்தே' என்று எழுதலாமா? – பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

எழுதக் கூடாது. ஹெந்தே இலக்கணப்படி ஒருமை, பெண்பால். முச்சா ஹெந்தே. வினைமுற்றும் ஒருமையிலேயே வரும்.

மார்ச் மாதம் வலென்சியாவில் ஃபாயாஸ் திருவிழா. 1-ஆம் தேதி முதல் 19-ஆம் தேதி வரை தினமும் பகல் 2 மணிக்கு நகர்மன்றச் சதுக்கத்தில் 'மாஸ்க்லெத்தா' என்று வெடி வைப்பார்கள். வானத்தில் வண்ணம் காட்டுவதற்காக அல்ல, ஓசைக்காகவே கட்டிய வெடிகள் அவை. தாளம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் நெஞ்சுக்கூடு அதிரும். சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் சொல்வது 'ஆவீயா முச்சா ஹெந்தே', நிறையப் பேர் இருந்தார்கள். 'இ முச்சோ ருயிதோ', நிறையச் சத்தம்.

எண்ணக்கூடிய ஆளையே ஒருமையில் வைத்து, 'ஆய் முச்சோ துரீஸ்தா' என்றும் பேச்சில் சொல்வார்கள். எங்கு பார்த்தாலும் சுற்றுலாப் பயணிகள் என்ற லேசான சலிப்பு அதில் இருக்கும். நம் ஊரிலும் 'திருவிழாவில் நல்ல கூட்டம், ஏகப்பட்ட ஆள்' என்று ஒருமையில் சொல்வதுண்டு. எழுதும்போது 'முச்சோஸ் துரீஸ்தாஸ்' என்றே எழுதுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்து 'மச்' என்ற சொல்தானே ஸ்பானியத்தில் 'முச்சோ' ஆனது? – போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்

இல்லை. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கியிருந்தும் இரண்டும் உறவில்லாதவை. பழைய ஆங்கிலத்தில் 'மிச்செல்' என்றிருந்த சொல் தேய்ந்து 'மச்' ஆயிற்று. அது கிரேக்க 'மெகா', வடமொழி 'மகா' ஆகியவற்றின் குடும்பம். 'மகாமகம்' என்று நாம் சொல்லும்போது வருகிற அதே மகா!

முச்சோவின் தாய் லத்தீன் 'முல்துஸ்'. மல்டிபிளெக்ஸில் உள்ள 'மல்டி'யும் அதன் பிள்ளைதான். லத்தீனில் 'உல்த்' என்று இருந்த இடம் காஸ்தீலிய மொழியில், அதாவது ஸ்பானியத்தில், 'உச்ச' என்று குழைந்தது. 'குல்தெல்லுஸ்' (சிறு கத்தி) 'குச்சீயோ' ஆனதும், 'அவுஸ்குல்தாரே' (செவிமடுத்தல்) 'எஸ்குச்சார்' ஆனதும் அதே வழியில்தான். பக்கத்து மொழிகளுக்கு இந்தக் குழைவு வரவில்லை. வலென்சியாவில் தெருப் பலகைகள் வலென்சிய மொழியிலும் இருக்கும். அம்மொழியில் இன்றும் 'மோல்த்' என்றுதான் சொல்வார்கள், பழைய 'ல்' அப்படியே நிற்கிறது. இத்தாலியத்தில் 'மோல்தோ', போர்த்துகீசியத்தில் 'முயித்து'. இம்மொழிகளில் முச்சோ, முய் என்ற பிரிவே கிடையாது. ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. போர்த்துகீசியம் படிப்பவர்களுக்கு இந்த ஒரு தலைவலி மிச்சம்.

முய்யும் இதே தாயின் பிள்ளை என்பதால்தான் தொடக்கத்தில் உடன்பிறப்பு என்றேன். பெயரடைக்கு முன்னால் அழுத்தமில்லாமல் வேகமாக உச்சரிக்கப்பட்டுத் தேய்ந்த வடிவம் அது. 'கிராந்தே' (பெரிய) 'கிரான்' ஆவதும், 'புவேனோ' (நல்ல) 'புவேன்' ஆவதும், 'தாந்தோ' (அவ்வளவு) 'தான்' ஆவதும் இப்படித்தான். பழைய காலத்தில் எல்லை இவ்வளவு கறாராக இல்லை. 'காந்தார் தெ மியோ சித்' என்ற இடைக்கால வீரகாவியத்தின் கையெழுத்துப் பிரதி மாட்ரித் தேசிய நூலகத்தில் இருக்கிறது. முதல் ஏடு தொலைந்துவிட்டது. எஞ்சியிருப்பதின் தொடக்கத்தில், ஊரைவிட்டு விரட்டப்பட்ட நாயகன் பெருமூச்சு விடும் அடி வருகிறது: 'சொஸ்பிரோ மியோ சித், கா முச்சோ அவியே கிராந்தெஸ் குயிதாதோஸ்'. அவனுக்கு மிகப் பெரிய கவலைகள் இருந்தன என்பது பொருள். இன்று முய் வர வேண்டிய இடத்தில் முச்சோ நிற்கிறது. அதுவும் 'பெரிய' என்ற சொல்லை ஒட்டி நிற்காமல், நடுவில் ஒரு வினையை விட்டுவிட்டு நிற்கிறது. எனக்கு இந்த அடி மிகவும் பிடிக்கும். இப்போது விதி என்று மனப்பாடம் செய்கிற ஒன்று அப்போது இன்னும் கெட்டிப்படாமல் இருப்பதை அதில் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: பெயரடைக்கு முன் முய் என்றால் 'முய் மெஹோர்' (ரொம்ப மேலான) ஏன் தவறு? – மென்பொருள் பொறியாளர், சென்னை

ஒப்பிட்டுச் சொல்லும் சொற்களுக்கு முன் முய் வராது. மெஹோர் (மேல்), பெயோர் (மோசம்), மாஸ் (அதிகம்), மேனோஸ் (குறைவு), ஆந்தெஸ் (முன்பு), தெஸ்புவெஸ் (பிறகு) எல்லாவற்றுக்கும் முச்சோதான். முச்சோ மெஹோர் என்றால் 'எவ்வளவோ மேல்'.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'முச்சோ மாஸ் கிராந்தே' (எவ்வளவோ பெரியது) என்னும்போது முச்சோ மாறாது. மாஸுக்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் மாறும்: முச்சா மாஸ் ஹெந்தே, முச்சோஸ் மாஸ் லீப்ரோஸ். இந்த ஒன்றில் தேறியவரை நான் இடைநிலை மாணவராகக் கருதத் தொடங்கிவிடுவேன்.

'மயோர்' என்ற சொல் 'பெரிய' என்ற ஒப்பீட்டுப் பொருளில் வந்தால் முச்சோ மயோர். ஆனால் 'வயதான' என்ற பொருளில் வந்தால் முய் மயோர். பாட்டிக்கு ரொம்ப வயதாகிவிட்டது என்பதற்கு 'மி அபுவேலா எஸ் முய் மயோர்'.

பெயர்ச்சொல்லே பெயரடைபோல மாறிவிடும் இடமும் உண்டு. 'சோமோஸ் முச்சோஸ் அமீகோஸ்' என்றால் நண்பர்கள் நாங்கள் நிறையப் பேர். 'சோமோஸ் முய் அமீகோஸ்' என்றால் நாங்கள் உயிர் நண்பர்கள். இரண்டு பேர் இருந்தாலே போதும்!

கேள்வி: 'மெ குஸ்தா முய்' என்றே வாயில் வருகிறது. எப்படித் திருத்திக்கொள்வது? – இல்லத்தரசி, சேலம்

தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது இந்த இடத்தில் கைகொடுக்கும். ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள். 'மெ' என்றால் எனக்கு, 'குஸ்தா' என்றால் பிடிக்கும். 'எனக்குப் பிடிக்கும்' என்ற நம் அமைப்பு அப்படியே அங்கே இருக்கிறது. பிடிக்கும் என்பது வினை. வினையை அழுத்துவதற்கு முச்சோதான் வரும், அதுவும் வினைக்குப் பின்னால்: மெ குஸ்தா முச்சோ. 'த்ரபாஹோ முச்சோ' (நிறைய வேலை செய்கிறேன்), 'லோ சியெந்தோ முச்சோ' (ரொம்ப வருந்துகிறேன்) இரண்டும் அதே அச்சு. வினையோடு வரும் முச்சோவுக்குப் பாலும் எண்ணும் கிடையாது.

'மெ என்காந்தா' (எனக்குக் கொள்ளை ஆசை) என்பதோடு முச்சோ சேர்க்காதீர்கள். அதிலேயே 'ரொம்ப' அடங்கியிருக்கிறது.

கேள்வி: மெக்சிகோவின் குவாதலஹாராவில் வேலைக்கு வந்திருக்கிறேன். இங்கே யாரும் முய் என்று அதிகம் சொல்வதாகத் தெரியவில்லை. 'பியென்' என்றே காதில் விழுகிறது. நான் படித்தது பழைய ஸ்பானியமா? – வாசகர், குவாதலஹாரா

நீங்கள் படித்தது சரியான ஸ்பானியம்தான். நீங்கள் கேட்பதும் சரியான ஸ்பானியம்தான். மெக்சிகோவில் பேச்சு வழக்கில் பெயரடைக்கு முன் 'பியென்' போடுவார்கள். 'எஸ்தா பியென் ரீக்கோ' என்றால் 'செம ருசி'. நம் பேச்சில் 'நல்ல வெயில்', 'நல்ல அடி' என்கிற 'நல்ல' போலவே அங்கும் 'நன்றாக' என்ற சொல் அளவைக் கூட்டிக் காட்டப் பயன்படுகிறது. கூட்டமென்றால் 'உன் புவேன் தெ ஹெந்தே' என்பதையும் கேட்டிருப்பீர்கள்.

ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்று ஒரு செல்லச் சொல் உண்டு. அர்ஹென்தீனாவில் 'ரெ' என்று முன்னால் ஒட்டி 'ரெ லிந்தோ' (ரொம்ப அழகு) என்பார்கள். மாட்ரித் இளைஞர்கள் 'மாசோ' என்பார்கள். சிலேயில் 'ஆர்த்தோ': ஆர்த்தோ ஃப்ரீயோ, ஆர்த்தா ஹெந்தே. இந்த ஆர்த்தோ எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த சொல். லத்தீனில் அதன் பொருள் 'திணித்து நிரப்பிய' என்பது. நிரம்புதலில் இருந்து 'நிறைய' என்ற பொருள் அங்கே பிறந்தது. நம் 'ரொம்ப'வும் 'நிரம்ப' என்பதன் தேய்வுதானே! ஆனால் 'எஸ்தோய் ஆர்த்தோ' என்றால் எனக்கு அலுத்துவிட்டது, போதும் போதும் என்றாகிவிட்டது என்று பொருள். அலுவலகத்தில் கவனமாக இருங்கள்.

உங்கள் கேள்விக்கு என் யோசனை இது. உள்ளூர்ச் சொற்களைக் காதால் வாங்கிக்கொள்ளுங்கள், சக ஊழியர்களோடு சாப்பிடப் போகும்போது தாராளமாகப் பேசுங்கள். மின்னஞ்சலிலும் கூட்டத்திலும் முய், முச்சோ, இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் 'முச்சீசிமோ' போதும். எந்த நாட்டிலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'முய் முச்சோ' மட்டும் வேண்டாம்.

கேள்வி: நன்றி சொன்னால் 'தெ நாதா' என்று பதில் சொல்லச் சொல்லிக் கொடுத்தார்கள். கோஸ்தா ரீக்காவிலிருந்து பேசும் வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் 'கோன் முச்சோ குஸ்தோ' என்கிறார். அறிமுகம் ஆகும்போது சொல்வதல்லவா அது? – அழைப்பு மையத்தில் பணிபுரிபவர், சென்னை

அறிமுகத்தில் சொல்வது 'முச்சோ குஸ்தோ', சந்தித்ததில் மகிழ்ச்சி. முன்னால் 'கோன்' சேர்ந்தால் 'மிக்க மகிழ்ச்சியுடன்'. கோஸ்தா ரீக்காவில் நன்றிக்குப் பதிலாக இதைச் சொல்வதுதான் வழக்கம். 'தெ நாதா' என்றால் 'ஒன்றுமில்லை' என்றாகிறது. செய்த உதவியை ஒன்றுமில்லை என்பதைவிட மகிழ்ச்சியோடு செய்தேன் என்பது நல்லது என்று அங்குள்ளவர்கள் விளக்கம் தருவார்கள். அந்த வாடிக்கையாளருக்கு நீங்களும் அப்படியே பதில் சொல்லிப் பாருங்கள். பேச்சு உடனே இளகும்.

கேள்வி: முச்சோ வரும் ஸ்பானியப் பழமொழி சொல்லுங்களேன். – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

'கியென் முச்சோ அபார்கா, போக்கோ அப்ரியேத்தா.' நிறைய அணைத்துப் பிடிப்பவன் எதையும் இறுக்கிப் பிடிக்க மாட்டான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பதைத்தான் ஸ்பானியர் இப்படிச் சொல்கிறார்கள். 'முச்சோ ருயிதோ இ போக்காஸ் நுவேசெஸ்', சத்தம் நிறைய, அக்ரூட் கொஞ்சம். ஆர்ப்பாட்டம் பெரிதாகி விஷயம் சிறிதாகும்போது சொல்வார்கள். இரண்டிலும் முச்சோவுக்கு எதிரே போக்கோ நிற்பதைப் பாருங்கள். பழமொழியை ஓசையோடு மனப்பாடம் செய்தால் இலக்கணமும் சேர்ந்தே பதியும்.

நாடக மேடை ஏறப் போகிறவரை வாழ்த்துவதற்கு 'முச்சா மியெர்தா' என்பார்கள். நேர்ப்பொருள் 'நிறைய மலம்'. குதிரை வண்டிக் காலத்தில் அரங்க வாசலில் சாணம் குவிந்திருந்தால் உள்ளே கூட்டம் என்று அர்த்தம், அதிலிருந்து வந்த வாழ்த்து என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். மேடைக் கலைஞர்களிடம் மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் செவிலியர். ஸ்பெயினில் வேலைக்குப் போக மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். நோயாளியிடம் வலி எவ்வளவு என்று கேட்பதும், அவர்கள் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்வதும் எப்படி? – திருச்சி

வந்த கடிதங்களில் என் மனதை மிகவும் தொட்டது உங்களுடையது. ஒரு சொல்லின் அளவு தவறினால் இங்கே ஒரு மனிதருக்குத் துன்பம்.

வலிக்கும் அமைப்பு நம் அமைப்பேதான். 'மெ துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. வினை என்பதால் முச்சோ, மாறாது: 'மெ துவேலே முச்சோ லா கபேசா'. கால்கள் என்றால் வினை பன்மையாகும், முச்சோ அப்படியே நிற்கும்: 'மெ துவேலென் முச்சோ லாஸ் பியேர்னாஸ்'. பியேர்னாஸ் பெண்பால் பன்மையாயிற்றே என்று 'முச்சாஸ்' போட்டுவிடாதீர்கள். ஆனால் நோயாளி வினையை விட்டுவிட்டுத் 'தெங்கோ முச்சோ தோலோர்' (ரொம்ப வலி இருக்கிறது) என்றும் சொல்லலாம். அங்கே தோலோர் பெயர்ச்சொல், ஆண்பால். காய்ச்சல் அதிகமென்றால் 'முச்சா ஃபியேப்ரே', அது பெண்பால்.

நீங்கள் மரியாதையாகக் கேட்க வேண்டியது 'லெ துவேலே முச்சோ?' 'லெ' இருக்கும் இடத்தில் 'தெ' என்றால் அது நீ, உன் வகை. அதைக் குழந்தைகளிடம் சொல்லலாம். ஸ்பெயினில் பெரியவர்களையும் சட்டென்று 'தெ' என்று அழைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. ஆனாலும் வயதான நோயாளியிடம் 'லெ' என்றே தொடங்குங்கள்.

பதில்களை இப்படி வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். 'நாதா' என்றால் துளியும் இல்லை. 'போக்கோ' என்றால் அதிகமில்லை, குறைவுதான். 'உன் போக்கோ' என்றால் கொஞ்சம் இருக்கிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது குறைவைச் சொல்கிறது, பின்னது இருப்பைச் சொல்கிறது. 'உன் போக்கோ' என்பவருக்கு வலி உண்டு. அடுத்து 'பஸ்தாந்தே'. அகராதியில் 'போதுமான' என்று இருக்கும், அதை நம்பி நகர்ந்துவிடாதீர்கள். வலியைப் பற்றிக் கேட்கும்போது 'பஸ்தாந்தே' என்று பதில் வந்தால் 'நல்ல வலி' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் முச்சோ, அதற்கும் மேல் முச்சீசிமோ. 'தெமாசியாதோ' என்று வந்தால் தாங்க முடியாத அளவு என்று பொருள்.

'நொ முச்சோ' என்ற பதிலும் வரும், அவ்வளவாக இல்லை. அதைச் சொல்லும் முகத்தையும் பாருங்கள். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அடக்கிச் சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் எண் வழியாகக் கேளுங்கள்: 'தெல் சேரோ அல் தியேஸ்', 0 முதல் 10 வரை. பிறகு 'தோந்தே லெ துவேலே?', எங்கே வலிக்கிறது என்று. பெரும்பாலும் அவர்கள் கையாலேயே தொட்டுக் காட்டிவிடுவார்கள்.